விறகும் வெம்மையும்

வைகறைப் பொழுது. சுவீடன் நாட்டின் தென்பகுதியில், ஸ்மோலண்டு என்னும் நிலப்பகுதியில், காட்டின் ஓரத்தே தனித்து நிற்கிறது ஒரு மரவீடு. செந்நிறம் பூசிய அதன் சுவர்களைச் சுற்றி முழங்கால் அளவு பனி கிடக்கின்றது. வெளியே தொங்கும் வெப்பமானி சுழியத்துக்குக் கீழே 15 பாகை காட்டுகிறது. வீட்டுக்குரிய பெரியவர் படுக்கையை விட்டு எழுகிறார். விளக்கைப் போடுவதற்கு முன்பே, சுவரோரத்தில் பொருத்தியுள்ள தட்டையான இரும்புக் கலத்தின்மீது உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். வெதுவெதுப்பு இருக்கிறது. அவர் முகத்தில் ஒரு சிறு மலர்ச்சி தோன்றுகிறது. முந்தைய நாள் அவர் மூட்டிய தீ அவிந்து ஏழு மணி நேரம் ஆயிற்று. ஆயினும் அத்தீ ஈந்த வெம்மை இன்னும் வீட்டை விட்டு அகலவில்லை.

அந்நாட்டில் குளிர் என்பது ஒரு பருவம் மட்டும் அன்று; அது ஒரு முற்றுகை. திசம்பர்த் திங்களில் ஸ்மோலண்டில் காலை எட்டு மணிக்கு மேல்தான் கதிரவன் எழுவான். பிற்பகல் மூன்றரை மணிக்குள் மறைந்துவிடுவான். அக்தோபர் முதல் ஏப்பிரல் வரை வீட்டுக்கு வெப்பம் ஊட்டியே ஆகவேண்டும். உணவு ஒரு வேளை தவறினால் மனிதன் பொறுத்துக் கொள்வான். வெப்பம் தவறினாலோ, முதலில் குழாய்களிலுள்ள நீர் உறையும். உறையும் நீர் பருக்கும். பருத்த பனிக்கட்டி இரும்பையும் செம்பையும் பிளந்துவிடும். பின்னர் அவ்வீட்டில் வாழ்வது அரிது. ஆகவே வெப்பம் அங்கே இன்பப் பொருள் அன்று, உயிர்க்காப்பு.

பெரியவர் படியிறங்கி நிலவறைக்குச் செல்கிறார். அங்கேதான் அவருடைய கொதிகலன் இருக்கிறது. குளிப்பதற்கு வெந்நீர் போடும் செப்புப் பாய்லர் ஒரு காலத்தில் தமிழகத்து வீடுகள் பலவற்றில் இருந்தது. நடுவே நெருப்பு, சுற்றிலும் நீர் என்பது அதன் அமைப்பு. பெரியவரின் கொதிகலனுக்கும் அடிப்படை அதுவே. ஆயினும் அது ஆள் உயரம் இருக்கும், எஃகினால் ஆனது. மேலறையில் விறகை அடுக்கி மூட்டுவர். அதிலிருந்து எழும் புகை நேரே மேலே போய்விடாது. தணலின் ஊடே கீழ்நோக்கி இழுக்கப்பட்டு, சுட்டமண் பதித்த ஒரு சிற்றறைக்குள் புகும். அங்கே புதிய காற்று கலந்தவுடன், புகையாய்ப் போக வேண்டியதும் சுடராய் எரியும். அச்சிற்றறையில் வெப்பம் ஏறக்குறைய 1000 பாகை வரை ஏறும். விறகின் ஆற்றலில் பெரும்பகுதி அதன் புகையிலேயே இருக்கிறது என்பதைப் பலர் அறியார். புகையை எரிக்கத் தெரியாதவன் விறகைப் பாதியே எரித்தவன் ஆவான்.

சூடேறிய நீர் குழாய் வழியே அறைதோறும் உள்ள இரும்புக் கலங்களுக்குச் செல்கிறது. ரேடியேட்டர் என்பது அக்கலங்களின் பெயர். எஞ்சிய வெந்நீர் கொதிகலனுக்கு அருகிலுள்ள பெருந்தொட்டியில் சேர்கிறது. அத்தொட்டி 1500 லிட்டர் கொள்ளும். அதைச் சுற்றி ஒரு சாண் பருமனுக்கு மெத்தை போன்ற உறை உண்டு. வெந்நீர் இலேசானது, ஆதலால் அது தொட்டியின் மேற்பகுதியில் நிற்கும். தண்ணீர் கனமானது, அது கீழே நிற்கும். இரண்டும் கலவாமல், ஏட்டின்மேல் ஏடு வைத்தாற்போல் அடுக்கடுக்காய் இருக்கும். மேலும் நடுவும் கீழுமாக மூன்று வெப்பமானிகள் தொட்டியில் பதிக்கப்பட்டிருக்கின்றன. கஞ்சன் தன் பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோலப் பெரியவர் நாள்தோறும் அம்மூன்றையும் பார்க்கிறார் என்று அவர் மனைவியார் நகையாடுவதுண்டு.

அந்தச் செல்வத்தை எண்ணிப் பார்ப்பதும் எளிதே. ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். 1500 லிட்டர் நீரை 40 பாகையிலிருந்து 90 பாகைக்கு ஏற்ற 75,000 கிலோ கலோரி வேண்டும். நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோ ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி தரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாகவும் பிற வழிகளிலும் போய்விடுகிறது என்று கொண்டால், 27 கிலோ விறகு ஒரு தொட்டியை நிரப்பப் போதும். இலையுதிர் காலத்தின் மென்குளிரில் அவ்வொரு தொட்டி வெந்நீர் இரண்டு நாளுக்குக் காணும். கடுங்குளிரிலோ பத்து மணி நேரத்துக்குமேல் நில்லாது. அந்நாட்களில் காலையும் மாலையும் தீ மூட்டவேண்டும். மின்சாரத்தாலோ எண்ணெயாலோ வீட்டைச் சூடாக்குவோர் திங்கள் முடிவில் வரும் சீட்டைப் பார்த்தே தாம் செலவிட்டதை அறிவர். பெரியவரோ தம் தோளால் அறிவார். இன்றைய குளிர் எத்துணைக் கூடை என்பதே அவருடைய கணக்கு.

ஓராண்டுக்கு அவ்வீட்டுக்கு ஏறத்தாழ 20 கன மீட்டர் விறகு வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரமும் அரை மீட்டர் அகலமும் உடையதாய் அடுக்கினால், அவ்வடுக்கு 27 மீட்டர் நீளம் ஓடும். அத்தனையும் அவர் கைபட்டே வருகிறது. மரத்தில் நீரோட்டம் குறைந்திருக்கும் குளிர்காலத்தில், வீட்டுக்குப் பின்னுள்ள தம் சிறு காட்டில், நெருங்கி வளர்ந்தவற்றையும் கோணலானவற்றையும் தெரிந்து வெட்டுகிறார். பெரும்பாலும் அது வெண்பட்டை உரியும் பிர்ச்சு மரம். சிறிது ஊசியிலை மரமும் உண்டு. பனி உருகுமுன் துண்டுகளைச் சறுக்குவண்டியில் ஏற்றி முற்றத்துக்குக் கொணர்கிறார். இளவேனிலில் கோடரி எடுக்கிறார்.

விறகு பிளப்பதில் வலிமையினும் பார்வையே பெரிது. கணு எங்கே இருக்கிறது, வெடிப்பு எப்பக்கம் ஓடுகிறது என்று கட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, கோடரியின் எடையைத் தானாக விழவிடுகிறார் பெரியவர். கட்டை ‘படார்’ என்று இரண்டாகிறது. உள்ளிருந்து ஈரமும் இனிமையும் கலந்த ஒரு மணம் எழுகிறது. சில வேளைகளில், கணு நிறைந்த கட்டை ஒன்று பத்து வெட்டுக்கும் அசைவதில்லை. அதை அவர் வையாமல் ஒருபுறம் ஒதுக்கிவைக்கிறார். பெருங்கட்டைகளுக்கும் ஒரு நாள் வரும். திசம்பர்த் திங்களின் நீண்ட இரவில் மெதுவாய் எரிவதற்கு அவையே ஏற்றவை.

பிளந்த விறகை உடனே எரிக்கலாகாது. அப்பொழுது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். ஒரு கிலோ நீரை ஆவியாக்கி அனுப்ப 600 கிலோ கலோரி வெப்பம் வீணாகும். ஆதலால் காற்றோட்டமுள்ள இடத்தில், தரையில் படாதபடி, மேலே கூரை வேய்ந்து, ஒரு கோடை முழுதும் காயவிடுவர். இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டினால் ‘கணீர்’ என்று ஒலிக்கவேண்டும். ‘பொத்’ என்றால் அது இன்னும் விறகாகவில்லை, மரமாகவே இருக்கிறது.

அடுக்குவதிலும் கட்சிகள் உண்டு. பட்டை மேலே இருக்கவேண்டும் என்பார் சிலர். கீழே இருக்கவேண்டும் என்பார் வேறு சிலர். அண்டை நாடாகிய நார்வேயில் லார்ஸ் மீட்டிங் என்பவர் விறகைப் பற்றி எழுதி 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் பெரும் விற்பனை கண்டது. அதைத் தொடர்ந்து அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சி 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓரிரவு 12 மணி நேரம் விறகையே பொருளாக்கி ஒளிபரப்பியது. அதில் எட்டு மணி நேரம் ஓர் அடுப்பு எரிவதன்றி வேறொன்றும் இல்லை. குறை கூறி வந்த செய்திகளில் ஒரு பாதி, பட்டை மேற்புறமாய் இருக்கிறதே என்றது. மறுபாதி, பட்டை கீழ்ப்புறமாய் இருக்கிறதே என்றது! ஸ்மோலண்டுப் பெரியவர் எக்கட்சியினர் என்று கேட்டால், கூரை நன்றாய் இருந்தால் இரண்டும் ஒன்றே என்பார். ஆனால் அவருடைய அடுக்கில் பட்டை எப்போதும் மேலேதான் இருக்கிறது.

இத்துணை அறிந்தவரும் ஓராண்டு தவறினார். அவ்வாண்டு இளவேனிலில் மனைவியார் நோயுற்று நெடுநாள் மருத்துவமனையில் இருந்தார். முற்றத்தில் கொணர்ந்து போட்ட கட்டைகள் பிளக்கப்படாமலே கோடை கழிந்தது. பழைய விறகோ சனவரித் திங்களில் தீர்ந்துவிட்டது. அரைகுறையாய் உலர்ந்ததை எரிக்கத் தொடங்கினார். தீ சீறியது, விறகின் முனைகளில் நுரை பொங்கியது, மூன்று மணி நேரத்தில் ஏறவேண்டிய தொட்டியின் வெப்பம் ஐந்து மணி நேரமாகியும் ஏறவில்லை. நோயினின்று எழுந்த மனைவியார் இரண்டு கம்பளிகளைப் போர்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அமர்ந்திருந்தார். அவர் சொல்லாததே பெரியவரை வாட்டியது.

அந்நாட்டில் புகைபோக்கிகளைக் குறித்த காலத்தில் துடைக்கவேண்டும் என்பது சட்டம். துடைக்க வந்த பணியாளர் கூரையிலிருந்து இறங்கிவந்து கரிய கண்ணாடி போல் மின்னும் ஒரு துண்டைப் பெரியவர் கையில் வைத்தார். ஈரவிறகின் புகை, குளிர்ந்த புகைபோக்கியில் படிந்து இறுகிய தார் அது. “ஐயா, ஒரு நாள் தீப்பொறி மேலே ஏறியிருந்தால் புகைபோக்கி முழுதும் பற்றிக்கொண்டிருக்கும். இது மரவீடு என்பதை நான் தங்களுக்குச் சொல்லவேண்டுமா?” என்றார் அவர். பெரியவர் அன்றே ஈரவிறகை ஒதுக்கிவிட்டு, அண்டை வீட்டாரிடம் உலர்ந்த விறகை விலைக்கு வாங்கினார். விறகு விலைக்கு வாங்கியது அவர் வாழ்நாளில் அது ஒருமுறையே. அதன்பின் எப்போதும் இரண்டு குளிர்காலத்துக்கு வேண்டியதை முன்னரே அடுக்கிவைப்பது அவர் வழக்கமாயிற்று.

விறகு அந்நாட்டில் என்றும் ஒரே மதிப்புடன் இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் எண்ணெய் மலிவாய் வந்தது. ஊரெங்கும் விறகுக் கொதிகலன்கள் கழற்றப்பட்டன. பெரியவரின் தந்தையாரும் 1960களில் எண்ணெய்க் கொதிகலன் வைத்தார். கோடரிக்கு விடை கொடுத்துவிட்டதாய் எல்லாரும் மகிழ்ந்தனர். 1973ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது; சில திங்களுக்குள் உலகச் சந்தையில் எண்ணெய் விலை நான்கு மடங்காயிற்று. நிலத்தில் பெரும்பங்கு காடாயுள்ள ஒரு நாடு, கடல் கடந்து வரும் எண்ணெயை எதிர்நோக்கிக் குளிரில் நடுங்குவதா என்னும் கேள்வி எழுந்தது. நாட்டுப்புறத்தார் பலர் மீண்டும் விறகுக்குத் திரும்பினர். 1991இல் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றின்மீது கரிவரி விதித்தபோது எண்ணெயின் கவர்ச்சி இன்னும் குறைந்தது. இக்காலத்தில் அந்நாட்டு நகரங்களுக்குப் பொது வெப்ப நிலையங்களிலிருந்து குழாய் வழியே வெந்நீர் வருகிறது; தனி வீடுகள் பல மின்விசையால் இயங்கும் வெப்ப எந்திரங்களை வைத்துள்ளன. விறகுக் கொதிகலன் காட்டோரத்து வீடுகளின் உரிமையாய் நிற்கிறது.

2005ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் இரவு அவ்வுரிமையின் பயன் தெரிந்தது. குட்ரூன் எனப் பெயர் பெற்ற பெரும்புயல் தென்சுவீடனைத் தாக்கியது. அவ்வாண்டு அதுவரை நிலம் உறையவில்லை. ஈரமண்ணில் ஊன்றிய வேர்கள் காற்றுக்குத் தாங்கவில்லை. ஓரிரவில் ஏறத்தாழ 7½ கோடி கன மீட்டர் மரம் சாய்ந்தது. நாடு முழுவதிலும் ஓராண்டு வெட்டும் மரத்தின் அளவுக்கு அது ஏறக்குறைய ஒப்பாகும். சாலைகள் அடைபட்டன, மின்கம்பிகள் அறுந்தன. பல இலட்சம் மக்கள் இருளில் ஆழ்ந்தனர். சில சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. புயலிலும், பின்னர் விழுந்த மரங்களை அகற்றும் பணியிலும் உயிரிழந்தோர் பலர்.

மின்சாரம் நின்றால் நீரைச் செலுத்தும் எந்திரமும் நிற்கும். கொதிகலன் இருந்தும் பயனிராது. ஆனால் பெரியவரின் வீட்டில் அவர் தந்தையார் காலத்துப் பருத்த குழாய்கள் மாற்றப்படாமல் இருந்தன. ‘அழகற்ற குழாய்கள்’ என்று உறவினர் பழித்தவை அவை. எந்திரம் இல்லாத காலத்தில், வெந்நீர் தானே மேலேறவும் ஆறிய நீர் தானே கீழிறங்கவும் என்றே அமைத்த குழாய்கள். பெரியவர் சிறு சிறு அளவாய்த் தீ மூட்டினார். நீர் மெல்ல மெல்ல மேலேறியது. மறுநாள் மாலைக்குள் அண்டை வீட்டார் இரு குடும்பத்தினர் குழந்தைகளுடன் அங்கே வந்து சேர்ந்தனர். பதினோரு நாள் அவ்வீட்டில் ஒன்பது பேர் உறங்கினர். சமையலறையின் பழைய வார்ப்பிரும்பு அடுப்பில் கஞ்சியும் காப்பியும் ஓயாமல் கொதித்தன. ஈரவிறகு ஆண்டில் விறகு கொடுத்து உதவிய அண்டை வீட்டாரும் அவர்களுள் ஒருவர். அவர் தாமாகவே நாள்தோறும் கூடை சுமந்தார். பெரியவர் தடுக்கவில்லை.

இவ்வளவும் கூறிவிட்டு, இவ்வின்பத்தின் மறுபக்கத்தைக் கூறாது விடுவது நேர்மையாகாது. விறகுக் கொதிகலன் உடையவன் வீட்டை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாதவன். பெரியவரின் மகள் தொலைவில் ஒரு நகரில் வாழ்கிறாள். பல ஆண்டுகள் கிறித்துமசு விழாவுக்கு அவள் அழைத்தும் அவர் போகவில்லை. தீயை யாரிடம் விட்டுச் செல்வது? தொட்டிக்குள் ஒரு சிறு மின்சூடாக்கியைப் பொருத்திய பிறகே அச்சிறை சிறிது திறந்தது. மேலும், விறகுப்புகை நுரையீரலுக்குத் தீங்கு செய்வது. வீடுகள் நெருங்கிய நகரில் ஒவ்வொருவரும் பழைய அடுப்பில் ஈரவிறகை எரித்தால் அது அயலார்க்குக் கொடுமையே. விறகு எரிப்பது எங்கும் எவர்க்கும் நன்று என்று பெரியவர் வாதிடுவதில்லை. காடு பின்னால் இருக்கிறது. வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்கிறது. அயல்வீடு அரைக் கல் தொலைவில் இருக்கிறது. அவ்விடத்துக்கு அது பொருந்துகிறது.

பெரியவர் எண்பது வயதை நெருங்கிவிட்டார். வலத்தோள் முன்போல் உயர்வதில்லை. கோடரிக்குப் பதிலாக விறகு பிளக்கும் எந்திரம் ஒன்று வந்துவிட்டது. அதை ஏற்றுக்கொள்ள அவர் இரண்டாண்டு எடுத்துக்கொண்டார். சென்ற இளவேனிலில் மகன் வந்திருந்தபோது, இரண்டு குளிர்காலத்துக்கான அடுக்குகள் முற்றத்தில் நீண்டு கிடப்பதைக் கண்டான். “அப்பா, வெப்ப எந்திரம் ஒன்று வைத்துவிடலாம். நீங்கள் ஏன் இன்னும் வருந்தவேண்டும்? இரண்டாண்டுக்கு அடுக்கியிருக்கிறீர்களே, இதையெல்லாம்...” என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். பெரியவர் அடுக்கில் பிதுங்கி நின்ற ஒரு விறகை உள்ளங்கையால் தட்டிச் சரிசெய்தார். “எரிப்பவர் யாராயினும் விறகு உலர்ந்திருக்கவேண்டும் அல்லவா?” என்றார்.

பிப்ரவரித் திங்களில் பள்ளி விடுமுறை. பன்னிரண்டு வயதுப் பேத்தி வந்திருக்கிறாள். இன்று தீ மூட்டுவது அவள் பொறுப்பு. தாத்தா ஒரு முக்காலியில் அமர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். அவள் முந்தைய நாளின் சாம்பலை வாரி எடுக்கிறாள். 27 கிலோ விறகுக்கு ஓரிரு கைப்பிடி அளவே சாம்பல். அது தோட்டத்துப் பழமரங்களின் அடிக்குப் போகும். பிறகு பிர்ச்சுப் பட்டையைக் கிழித்து இடுகிறாள். அப்பட்டையில் எண்ணெய்ப் பசை உண்டு, ஈரமானாலும் பற்றும். அதன்மேல் மெல்லிய சிராய்கள். அதன்மேல் கைப்பருமன் விறகு. தீக்குச்சி ஒன்றே செலவாகிறது. புகைபோக்கி மூச்சு இழுக்கத் தொடங்குகிறது. சிறிது நேரத்தில் கீழறையிலிருந்து, தொலைவில் அருவி விழுவது போன்ற ஓர் ஓசை கேட்கிறது. புகை சுடராய் மாறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அவள் பனியில் ஓடிப்போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, “ஒன்றுமே தெரியவில்லை தாத்தா, காற்று மட்டும் நடுங்குகிறது” என்கிறாள்.

இரண்டு முறை விறகு நிரப்பி ஆயிற்று. மூன்று மணி நேரம் கழிகிறது.

“மேலே எவ்வளவு, அம்மா?”

“தொண்ணூறு.”

“நடுவில்?”

“எண்பத்தெட்டு.”

“கீழே?”

அவள் குனிந்து, முள்ளின்மேல் படிந்த தூசியை விரலால் துடைத்துவிட்டுப் பார்க்கிறாள். “எழுபத்தாறு. இன்னும் இரண்டு கட்டை போடட்டுமா, தாத்தா?”

“வேண்டாம். இருக்கும் தணலே மிகுதியையும் ஏற்றிவிடும். அவ்விரண்டும் நாளைக்கு ஆகட்டும்.”

அவள் அவ்விரண்டு கட்டைகளையும் கூடையில் திரும்ப வைக்கிறாள், பட்டை மேலே இருக்கும்படி. விளக்கை அணைத்துவிட்டு இருவரும் படியேறுகின்றனர். மேலே கூடத்தில் பாட்டி கம்பளி நூல் பின்னிக்கொண்டிருக்கிறார். வெளியே பனி மீண்டும் பெய்யத் தொடங்கியிருக்கிறது. பேத்தி சுவரோரம் சென்று, இரும்புக் கலத்தின்மீது தன் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள்.